சொந்த கேசட்டை நகலெடுப்பது குற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை செய்முறையை நன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சொந்தமாக வாங்கியதானாலும் நகலெடுப்பது சட்டப்படி குற்றம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அது சரியில்லை. கட்டுரையாளர் பிரிட்டன் நிலவரத்தை நம் ஊருக்கும் பொருத்திவிட்டார் என்று நினைக்கிறேன். அங்கே 2014 அக்டோபரில் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கலாம் என்று விதி வந்தது, இசைத்துறை அமைப்புகள் வழக்குப் போட்டன, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் சட்டம் வேறு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட உபயோகத்துக்காக நியாயமாகக் கையாள்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரல் தவிர மற்ற எல்லாப் படைப்புகளுக்கும், அதாவது ஒலிப்பதிவுக்கும் அது பொருந்தும்.

எது நியாயம் என்று சட்டம் அளவு போட்டுச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேசட்டை நானே கேட்பதற்காக என் வீட்டுக் கணினியில் ஏற்றுவதைவிட நியாயமான நகல் இருக்க முடியுமா?

இதில் அவசரமும் இருக்கிறது. 1985இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2045 கடைசி வரை இருக்கும், நாடா அதுவரை தாங்காது. நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கிறது, காந்தத்தூள் உதிர்ந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்புகிறது, 90 நிமிட நாடா மெல்லியது என்பதால் சுலபமாகச் சிக்கிக்கொள்கிறது. சினிமாப் பாட்டு எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். சின்னச் சின்ன நிறுவனங்கள் போட்ட வில்லுப்பாட்டு, நாதஸ்வரம், ஊர்க்கோயில் அம்மன் பாட்டெல்லாம் பல சிடியாகக்கூட வரவில்லை, வீட்டுப் பரணில் இருப்பதுதான் மிச்சம்.

அதற்காக மாற்றியதை யூடியூபில் போடுவதையோ, பென்டிரைவில் நிரப்பி விற்பதையோ நான் ஆதரிக்கவில்லை. அது பாடியவர், இசையமைத்தவர் வயிற்றில் அடிப்பது. அந்தக் காலத்தில் பட்டியல் எழுதிக்கொடுத்து கேசட் கடையில் பதிவு செய்து வாங்கினோமே, அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அப்போதே உரிமையாளருக்குப் போகவேண்டியது போகவில்லை. அப்புறம், நகலை வைத்துக்கொண்டு அசல் கேசட்டை விற்றுவிடுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த ஒரு வரியைப் படித்துப் பயந்துபோய் யாராவது கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது. அடுத்த இதழிலேயே தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்