வீடியோ கேம் மெட்டுக்கு எந்தக் கிற்றார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம் இசை மின்சாரத்தில் பிறந்தது, அதை எலக்ட்ரிக் கிற்றாரில்தான் வாசிக்க வேண்டும், அக்குஸ்டிக்கில் வாசித்தால் தாலாட்டாகிவிடும் என்று கடந்த வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 1989இல் கேம் போய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த டெட்ரிஸின் பிரபல மெட்டு 19ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பாட்டு. சிப்புக்குள் புகுமுன் அது வாயிலும் தந்தியிலும்தான் வாழ்ந்தது. பிறந்த இடத்தை விட்டுவிட்டு, மெட்டோடு வரும் இரண்டாவது ஒலித்தடத்தைக் கேளுங்கள்; எந்தக் கிற்றார் என்பதை அது சொல்லும்.

1983இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோ ஃபமிகொம் கருவியில் ஐந்து ஒலித்தடங்கள்: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, சிறு ஒலித்துண்டுகளுக்கு ஒன்று. முதல் சதுர அலை பெரும்பாலும் மெட்டு, முக்கோணம் பாஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்கள். இரண்டாவது சதுர அலை சில பாட்டில் தனி இழையாக மெட்டோடு பின்னும். சில பாட்டில் அதே மெட்டைச் சற்றுத் தாமதமாக, மெல்லிய சத்தத்தில் திரும்பச் சொல்லி எதிரொலி காட்டும். பின்னுகிறதா, அக்குஸ்டிக் எடுங்கள்; ஒவ்வொரு இழையும் தெளியும். எதிரொலியா, எலக்ட்ரிக்கும், வாசித்ததைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் டிலே பெடலும். 60,000ஐ வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லி விநாடியில் வரும்: 150 வேகத்துக்கு 400. அதில் முக்கால், அதாவது 300, பெடலில் வைத்துப் பாருங்கள். அக்குஸ்டிக்கில் இந்த எதிரொலியை இன்னொரு கிற்றாரில் வாசிக்கவே வேண்டாம். டைல் பதித்த மண்டபங்களில் எதிரொலி ஏற்கெனவே இலவசம்.

அக்குஸ்டிக்கில் சறுக்குவது பாஸ். முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியே இல்லை. ஒலிக்கும்வரை ஒரே அளவில் ஒலிக்கும். கிற்றார் தந்தியோ மீட்டிய கணமே தேயத் தொடங்கும். நீண்ட பாஸ் சுரத்தை அடிக்கொரு தடவை மறுபடி மீட்ட வேண்டும். கிற்றாரின் ஆகத் தாழ்ந்த சுரம் 82 ஹேர்ட்ஸ். ஆறாவது தந்தியை டி (D) சுரத்துக்கு இறக்கினால் 73. அதற்கும் கீழே போனால் பாஸ் வரி முழுவதையும் ஒரு ஸ்தாயி உயர்த்துங்கள். எட்டாத சுரங்களை மட்டும் தூக்கினால் வரி நொண்டும்.

தாளம் போடும் இரைச்சல் தடத்துக்கு மிருதங்கத்தைப் பிடிக்கும் ஆர்வம் புரிகிறது. ஆனால் அதன் வலது முகமான வலந்தலை சுருதி சேர்த்தது. மெட்டு சுருதி மாறும் இடத்தில் அது முரண்டு பிடிக்கும். கஞ்சிராவின் சலங்கைச் சத்தம் இன்னும் கிட்ட.

எலக்ட்ரிக்கில் பிசகுவது, ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டோர்ஷன். இரண்டு கிற்றாரும் முழு டிஸ்டோர்ஷனில், கீபோர்ட் முழுக் கோர்ட்டில் (பல சுரங்கள் ஒருசேர): மண்டபம் நிறைய சேறு. டிஸ்டோர்ஷன் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களிலிருந்து அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வுகளையும் பிறப்பிக்கும். ஆதார சுரமும் ஐந்தாவதும் சேர்ந்தால் அவை பெரும்பாலும் இசைந்துபோகும். மூன்றாவது சுரம் நுழைந்தால் கரகரக்கும். அதை மெட்டுக்கு விட்டுவிடுங்கள்; ஒரு கிற்றாரையாவது சுத்தமாக வையுங்கள்.

பாடசாலை மேடைகளில் எலக்ட்ரிக் கிற்றாரை நேரே மிக்ஸரில் செருகுகிறார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு மெகாஓம் மின்தடையுள்ள உள்ளீடு வேண்டும். மிக்ஸரின் லைன் உள்ளீடு பத்து கிலோஓம் அளவுதான். உச்ச ஒலிகள் செத்து, துணியால் மூடியதுபோல் கேட்கும். பழியோ கிற்றாருக்கு. நடுவே, கிற்றாரை மிக்ஸருக்குப் பொருத்தித் தரும் ஒரு டீ.ஐ. பெட்டி போதும். 'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் அம்ப்ளிஃபயரையும் மிக்ஸரையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். பிளக்கின் ஏர்த் வயரைக் கழற்றும் வைத்தியம் வேண்டாம், அது ஆளைக் கொல்லும்.

கேம் மெட்டுகளில் பல முடிவதேயில்லை. தலைக்குத் திரும்பிச் சுற்றும். எலக்ட்ரிக் குழு மிக்ஸரில் சத்தத்தை இறக்கித் தப்பிக்கலாம். அக்குஸ்டிக் குழு இரண்டு சுற்று வாசித்து, மூன்றாவதன் முதல் அடியிலேயே ஆதாரக் கோர்ட்டில் நிறுத்தலாம். அங்கேதான் காது எப்படியும் வந்து சேரும்.

இப்படிக்கு,
கிற்றார் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.