என் மகளின் மறுப்பையும் மதித்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு ஒன்பது வயது. வாயால் வரும் சொற்கள் மிகக் குறைவு. கழுத்தில் தொங்கும் படப்பலகையைத் தொட்டுத்தான் பேசுகிறாள். அதைச் செய்து தந்தவர்களுக்கும், அதில் அவள் சொன்னதைக் கேட்டு நடந்தவர்களுக்கும் இந்த நன்றி மடல்.

மட்டக்களப்பில் எங்களுக்கு வழிகாட்டிய பேச்சு, மொழிச் சிகிச்சையாளருக்கு முதல் நன்றி. படம் காட்டிப் பழக்கினால் பிள்ளை பேசவே மாட்டாள் என்று அயலவர்கள் பயமுறுத்தினார்கள். படம் பேச்சைத் தடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்கு அது துணையாகவே அமைகிறது என்று பொறுமையாக விளக்கினீர்கள். பிட்டு, தயிர், தண்ணீர் என்பதோடு நிற்காமல் ‘வேண்டாம்’, ‘நிறுத்துங்கள்’, ‘நோகிறது’ ஆகியவற்றையும் தொடக்கத்திலேயே சேர்த்தீர்கள். பிள்ளைக்குத் தண்ணீர் கேட்கப் பழக்க எல்லோரும் முன்வருவார்கள். மறுக்கப் பழக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. சொன்னதற்கெல்லாம் இணங்கும் பிள்ளையை நல்ல பிள்ளை என்கிறோம். பேச முடியாத பிள்ளைக்கு, அதுவும் பெண்பிள்ளைக்கு, அந்த நல்ல பெயர் எவ்வளவு ஆபத்தானது!

விசேட கல்வி அலகின் ஆசிரியைக்கு: கோபம், பயம் என்று வரைந்திருந்த மஞ்சள் வட்ட முகங்கள் அவளுக்கு விளங்கவேயில்லை. அவளுடைய மச்சான், மச்சாள்மாரை எங்கள் முற்றத்தில் நிறுத்தி, முறைக்கவும் அழவும் வைத்துப் படம் எடுத்தீர்கள். அழச் சொன்ன சின்னவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தப் படம்தான் இப்போது பலகையில் ‘பகிடி’. வகுப்பில் நீங்களும் பலகையைத் தொட்டு ‘எனக்குக் களைப்பு’ என்று காட்டியதைப் பார்த்துத்தான் அவள் பழகினாள். கேள்வி கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க எங்களுக்கும் பழக்கினீர்கள்.

காத்தான்குடி அச்சக நானா, மீன் படத்தில் மீனே தெரியவில்லை என்று என்னைத் திருப்பி அனுப்பிய உங்கள் கறாருக்கும், கழுத்தில் கீறாதபடி மூலைகளை வட்டமாக வெட்டித் தந்த அக்கறைக்கும் நன்றி.

காது நோவுக்கு மருந்து தந்த வைத்தியருக்கு: வேறோர் இடத்தில், “கையைப் பிடியுங்கள், ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம்” என்றார்கள். உங்களிடம் அவள் ‘நிறுத்துங்கள்’ படத்தைத் தொட்டதும் கருவியை மேசையில் வைத்துவிட்டீர்கள். அதை அவள் கையில் எடுத்து, வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்து, தன் காதருகே கொண்டுபோய், பிறகு ‘சரி’யைத் தொட்டாள். வெளியே வரிசை நீண்டிருந்தும் அதுவரை நீங்கள் அவசரப்படுத்தவில்லை.

வீட்டாருக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. இருந்தாலும் அம்மம்மாவை விட முடியாது. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவன்று மேளச் சத்தத்தில் ‘போவோம்’ என்று பேத்தி காட்டியதும், சாமி கும்பிடாமல் போவதா என்று கேட்ட உறவுகளை ஒரே பார்வையில் அடக்கிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

பலகையை விளையாட்டுச் சாமான் என்று கழற்றச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல்: மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. தாம் தெரிவுசெய்யும் தொடர்பாடல் முறையில் கருத்துச் சொல்லும் உரிமை அதன் 21ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

பலகையின் பிரதி நானாவின் கணினியில் இருக்கிறது. தேவைப்படும் பெற்றோருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முகங்களையும் சாப்பாட்டையும் மட்டும் உங்கள் வீட்டிலேயே படம் எடுத்துக்கொண்டு போங்கள். மீன் தெளிவாகத் தெரியட்டும்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
ஆரையம்பதி