முதுகு தாங்குகிற பேஸ் ஆம்ப்

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை கிடைத்தது பெரிய நிம்மதி. இங்கே அம்மா நன்றாக இருக்கிறார். நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன், இரண்டு தரம் கேட்டார். ஆடி பிறக்கப் போகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகை என்றால் சேலத்தில் எங்கள் மாதிரி மெல்லிசைக் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, உனக்கே தெரியும். அதற்கு முன்னால் உனக்கு உட்கார்ந்து பதில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பேஸ் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப், தூக்குவதற்கு லேசாக ஒன்று சொல்லு என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு அது ஒரு வருஷத்து விஷயம்.

என் பழைய பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். 15 இன்ச் ஸ்பீக்கர், கனமான பிளைவுட், தலைமாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப். எல்லாம் சேர்ந்து 45 கிலோ. போன வருஷம் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ஒரு விடுதியில் கச்சேரி. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய்ச் சேர்ந்தால், வேன் நிற்கிற இடத்துக்கும் மேடைக்கும் நடுவே நாற்பது படி. பனி இறங்கி எல்லாப் படியும் ஈரம். டிரம்ஸ் வாசிக்கிற தம்பியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஏற்றினோம். கச்சேரி நன்றாகவே நடந்தது. ராத்திரி இறக்கும்போது பத்தாவது படியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கீழ் முதுகில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, இனிமேல் பத்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு முதுகைவிட மனசுதான் அதிகம் வலித்தது. முப்பது வருஷம் வாசித்த கை, மாப்ளே.

முதலில் ஆம்ப்பே வேண்டாம் என்று பார்த்தேன். கிட்டாரின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற சின்ன டிஐ பாக்ஸ் வழியாக நேரே மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டு, மேடை மானிட்டரில் கேட்டு வாசித்தேன். நான்கு கச்சேரி தாக்குப்பிடித்தேன். மானிட்டரில் பாடகர்களின் குரலுக்குத்தான் முதல் இடம், அதுதான் நியாயமும்கூட. நம் சத்தம் சவுண்ட்காரர் நினைத்தால் வரும், மறந்தால் போகும். நமக்குக் கேட்காததுகூடப் பரவாயில்லை. டிரம்ஸ்காரருக்குக் கேட்கவில்லை. காலால் அடிக்கிற கிக் டிரம்மும் பேஸும் ஒன்றாக விழாவிட்டால் பாட்டு தரையில் நிற்காது. அதனால் மறுபடி ஆம்ப் தேட ஆரம்பித்தேன். தேடும்போதுதான், இத்தனை வருஷம் தவறான காரணத்துக்காகக் கனம் சுமந்திருக்கிறேன் என்று புரிந்தது.

நம் ஆம்ப் எதற்கு? மண்டபத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்க வைப்பது சவுண்ட் சர்வீஸின் பெரிய பெட்டிகள். நம் பெட்டியின் வேலை மேடைக்குள். எனக்கும், டிரம்ஸுக்கும், கீபோர்டுக்கும் கேட்டால் போதும். அந்த அளவுக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் ஒரு கிலோகூடச் சுமக்க வேண்டியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் அப்படி இல்லை. 1969ல் வந்த ஆம்பெக் எஸ்விடியைப் பற்றி நாம் கல்லூரியில் வாய் பிளந்து பேசுவோமே, 300 வாட், 14 வால்வு. ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி, அதாவது வெறும் ஹெட்டே 35 கிலோவுக்கு மேல். அதோடு 10 இன்ச் ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி வேறு. பெரிய மைதானத்தில் மேடையிலிருந்தே பேஸைக் கேட்க வைக்க வேண்டிய தேவைக்காகப் பிறந்தது அது. நம் வேலை ரிசப்ஷன், கோயில் பண்டிகை, உனக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனை.

இப்போது கனம் எப்படிக் குறைந்தது என்று சொல்கிறேன். இது தெரிந்தால் விற்பவர் பேச்சில் மயங்க மாட்டாய். சின்ன வயதில் டிரான்ஸிஸ்டர் ரேடியோவுக்குப் பேட்டரி எலிமினேட்டர் வைத்திருந்தோமே, கையில் எடுத்தால் செங்கல் மாதிரி இருக்கும். இன்றைக்கு அதைவிட அதிக சக்தி கொடுக்கிற செல்போன் சார்ஜர் சட்டைப் பையில் கிடக்கிறது. காரணம் இதுதான்: வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுகிறது. அந்த மெதுவான வேகத்தில் வேலை செய்ய டிரான்ஸ்ஃபார்மருக்கு நிறைய இரும்பு வேண்டும். இந்தச் சார்ஜரில் இருக்கிற எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை அதே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. அந்த வேகத்துக்குக் கையகல டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

அடுத்தது கிளாஸ் டி என்கிற ஆம்ப் வகை. பழைய ஆம்ப்களில் டிரான்ஸிஸ்டர் பாதி திறந்த குழாய் மாதிரி. ஸ்பீக்கருக்குப் போகாத சக்தி அங்கேயே சூடாக மாறும். அந்தச் சூட்டை ஆற்ற அலுமினியத் தகடுகள். கிளாஸ் டியில் குழாய் முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும், விநாடிக்கு லட்சக்கணக்கான முறை. பாதியில் நிற்பதே இல்லை, அதனால் சூடு ரொம்பக் குறைவு. தகடும் சின்னதாகிவிட்டது. இப்படித்தான் 500 வாட் ஹெட் இரண்டு மூன்று கிலோவில் வருகிறது. மார்க்பாஸ் லிட்டில் மார்க் 3 மூன்று கிலோவுக்குள், அகிலார் டோன் ஹேமர் 500 இரண்டு கிலோவுக்குள். டிரேஸ் எலியட் எல்ஃப் என்று 200 வாட்டில் ஒன்று இருக்கிறது, ஒரு கிலோகூட வராது. கிட்டார் உறையின் முன் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

ஆனால் ஹெட் லேசானதால் மட்டும் முதுகு தப்பிக்காது. கனத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கர் பெட்டியில்தான். அங்கே பழைய ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் வந்தது. அதே பலத்துக்கு மிகச் சின்னக் காந்தம் போதும். பெட்டிக்கும் மெல்லிய பிளைவுட் போட்டு உள்ளே குறுக்குச் சட்டம் அடிக்கிறார்கள். 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று வைத்த நியோடிமியம் பெட்டியை நான் ஒரு கையில் தூக்குகிறேன், மறு தோளில் பேஸ்.

ஒன்றை மட்டும் நம்பாதே: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டிலேயே பெரிய சத்தம் என்று மூன்றையும் ஒன்றாகத் தருவதாகச் சொன்னால் அது நடக்காது. இரண்டு கிடைக்கும், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். இது கம்பெனியின் குறையில்லை, காற்றை அசைக்கிற விதி அப்படி. நம் ஈ தந்தியே 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 31. அவ்வளவு கீழே போகிற ஒலியைச் சின்னப் பெட்டியில் இருந்து எடுக்க நிறைய வாட் தேவைப்படுகிறது. கிளாஸ் டியில் வாட் மலிவாகக் கிடைப்பதால்தான் சின்னப் பெட்டிகள் இன்று சாத்தியமாயின.

அதற்காக வாட்டைத் துரத்தாதே. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். இரு மடங்கு சத்தம் என்று காது உணர ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியைப் பார். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 94 டெசிபல் தருகிற பெட்டிக்கு 1000 வாட் கொடுத்தால் வருகிற சத்தம், 100 டெசிபல் தருகிற பெட்டியில் 250 வாட்டிலேயே வந்துவிடும். காசைப் பெட்டியில் போடு. அட்டையில் கொட்டை எழுத்தில் போட்ட வாட்டை நம்பி நான் முதலில் வாங்கிய ஒரு பெட்டி மூன்றாவது கச்சேரியிலேயே கரகரத்தது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஓம்ஸ், அதாவது ஸ்பீக்கர் பெட்டி மின்சாரத்துக்குக் காட்டுகிற தடையின் அளவு, முக்கியம். இந்த ஹெட்கள் 500 வாட் என்பது 4 ஓமில். 8 ஓம் பெட்டி ஒன்று மாட்டினால் 250, 300தான் வரும். 8 ஓம் பெட்டி இரண்டை மாட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகி முழு சக்தி கிடைக்கும். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்: ஒரு ஹெட், 12 இன்ச் பெட்டி இரண்டு. ஏற்காடு மாதிரி இடங்களுக்கு ஒன்றே போகும். சேலத்தில் பெரிய மேடை என்றால் இரண்டு, தனித்தனியாகத் தூக்கலாம். ஹெட்டும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கிற காம்போதான் வசதி என்று நினைத்தால் ஃபெண்டர் ரம்பிள் 100 பத்து கிலோ, ஆராதனைக்குத் தாராளம். ரம்பிள் 500ல் 10 இன்ச் இரண்டு, 17 கிலோவுக்குள் நிற்கிறது. தனியாக வாசிக்க அது மட்டுமே 350 வாட், கூட ஒரு பெட்டி சேர்த்தால் 500. ஆனாலும் உன் முழங்காலை நினைத்தால் பிரித்துத் தூக்குகிற ஹெட்டும் பெட்டியும்தான் என் கட்சி.

லேசான ஆம்ப்பில் எனக்கு ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். பழைய ஆம்ப் பழுதானால் செவ்வாய்ப்பேட்டையில் ரேடியோ கடைக்காரர் டிரான்ஸிஸ்டரை மாற்றி மறுநாள் கொடுத்துவிடுவார். இதில் எறும்புத் தலை சைஸில் பாகங்கள். போர்டையே மாற்ற வேண்டும் என்பார்கள், அந்த போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதனால் பக்கத்து ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்கு. ஒரு சின்ன ப்ரீஆம்ப் பெடலை எப்போதும் பையில் வைத்திரு. ஹெட் கைவிட்டால் அதிலிருந்து நேரே மிக்ஸருக்குப் போய்விடலாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்ததைப் பழையதாக எடுத்தால் பின்பக்கம் படி. 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230ல் போட்ட நொடியே போச்சு. சில எஸ்எம்பிஎஸ்கள் 100 முதல் 240 வரை தானே சமாளிக்கும், ஜெனரேட்டர் தள்ளாடுகிற நம் மேடைகளுக்கு அதுதான் நல்லது. ஸ்பீக்கரில் ஹம் என்ற இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிடாதே, மாப்ளே. கல்யாண மண்டபங்களில் அதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள், உயிருக்கு ஆபத்து. ஹெட்டின் டிஐ அவுட்டில், மிக்ஸருக்குப் போகிற சிக்னல் வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு, பெரும்பாலான ஹம் அதிலேயே அடங்கும். டிஐ இல்லாத ஹெட்டை வாங்கவே வேண்டாம், மேடையிலிருந்து சபைக்கு நம் சத்தம் போகிற வழியே அதுதான்.

கடையில் தனியாக வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதே. அங்கே பேஸையும் டிரெபிளையும் ஏற்றி மிட்டை, அதாவது நடுத்தர ஒலியைக் குறைத்தால் தேனாக இருக்கும். குழுவோடு வாசிக்கும்போது அந்த சத்தம் காணாமல் போகும். மிட்தான் கேட்க வைக்கிறது. முடிந்தால் ஒரு ரிகர்சலுக்கு இரவல் கேள். அப்புறம் பெட்டியை ஒரு நாற்காலி மேல் வை. தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகிறது, நாமோ கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். பலகை அடித்த கோயில் மேடை வேறு டமாரம் மாதிரி கூடவே முழங்கும். நாற்காலியில் ஏற்றிய பிறகு நான் வால்யூமைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். கீபோர்டு வாசிக்கிற அண்ணன், இப்போதுதான் நீ என்ன வாசிக்கிறாய் என்று கேட்கிறது என்றார். அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் புரியும்.

போன மாதம் அதே விடுதிக்கு மறுபடி கூப்பிட்டார்கள். அதே நாற்பது படி. ஒரு கையில் பெட்டி, தோளில் பேஸ், பைக்குள் ஹெட். நிற்காமல் ஏறினேன். மேலே போய் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு டீ குடித்தேன். கச்சேரி முடிந்து குளிரிலிருந்து கீழே சேலத்துக்கு இறங்கினால் இரும்பெல்லாம் வியர்க்கும், அதனால் வீட்டுக்கு வந்ததும் உடனே ஆன் செய்யாமல் காலை வரை விட்டுவிடுகிறேன்.

ஆடி பண்டிகைக்கு நீ இரண்டு நாள் வந்தால் என் ஹெட்டையும் பெட்டியையும் உன் பேஸோடு மாட்டி, குழுவோடு ஒரு ராத்திரி வாசித்துப் பார்க்கலாம். தட்டுவடை செட் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு என்று எழுதியிருந்தாய், அதையும் முடித்துவிடலாம். அதற்குள் ஒன்று செய்: உன்னிடம் இருக்கிற பெட்டியைத் திருப்பி, பின்னால் எத்தனை ஓம், எத்தனை வாட், எந்த மாதிரி பிளக் என்று பார்த்து எழுது. அது 8 ஓமாக இருந்தால் இப்போதைக்கு ஹெட் மட்டும் வாங்கினால் போதும், பெட்டியை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் மாப்ளே