எந்தப் பதிவேடு காட்டியது, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை டீ ஆறிப்போனது. இரண்டாம் முறை நான் ஆறவில்லை. கட்டுரையாளர் கஞ்சா வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்பது என் பிரச்சினை இல்லை. எழுபது வயதில் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நடுவே ஒரு வரி: அனுமதித்த நாடுகளின் புள்ளிவிவரங்களே எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டிவிட்டனவாம். எந்த நாடு, எந்த ஆண்டு, எண்ணியது யார், ஒன்றும் இல்லை.

நான் அரசு மருத்துவமனைகளின் பதிவறையில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். எண் எப்படிப் பிறக்கிறது என்று கிட்ட இருந்து பார்த்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு ராத்திரி சொல்கிறேன். குருபரப்பள்ளி பக்கம் லாரிக்குப் பின்னால் பைக்கோடு போய் மோதிய பையன் ஒருவனை 108இல் கொண்டுவந்தார்கள். இருபது வயது இருக்கலாம். பிழைத்துக்கொண்டான், அது வேறு. டியூட்டி டாக்டர் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்துவிட்டு, ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) ‘மது வாசனை இல்லை’ என்று எழுதினார். கூட வந்த நண்பன் கதவோரம் என் சட்டைக் கையைப் பிடித்து, “அண்ணா, அவன் தண்ணி அடிக்கல. வேற அடிச்சிருந்தான். வீட்டுக்குத் தெரிய வேணாம்ணா” என்றான். அவன் சட்டையிலேயே அந்தப் புகை வாடை அடித்தது. நான் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, “இதுல எங்க சார் எழுதறது?” என்றார்.

கேட்டது நியாயம்தான். அங்க அடையாளம் இரண்டுக்கு இடம் இருந்தது. மது வாசனைக்கு இடம் இருந்தது. இதற்கு இல்லை. ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. காலையில் ஒரு காவலர் வந்து ஏ.ஆர். காப்பி வாங்கிப்போனார். கடைசியில் அந்த விபத்து ‘அதிவேகம், கவனக்குறைவு’ ஆகிப்போனது. நாளைக்கே நம் நாட்டில் கஞ்சாவை அனுமதித்து, அதே கையோடு அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டமும் சேர்த்தால் என்ன ஆகும்? பூஜ்யமாக இருந்த கஞ்சா விபத்து ஒரே வருடத்தில் நூறாகும். தங்கள் கட்டுரையாளர் அதையும் ‘தெளிவாகக் காட்டுகிறது’ என்பார்.

இது நம் ஊர் லட்சணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோவில் 2012 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. விளைவுகளைக் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2013இல் சட்டமே போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் போதையில் வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களில் கஞ்சாக்காரர்களைத் தனியாகக் குறிக்க அந்த மாநில ரோந்து போலீஸ் தொடங்கியதே 2014இல்தான். கடையும் கட்டமும் ஒரே வருடம் பிறந்தால், ‘முன்பு’ என்று எதைக் காட்டுவது? 2016இல் வந்த அவர்களுடைய அறிக்கை இதையெல்லாம் மறைக்கவில்லை. கஞ்சாவின் அவப்பெயர் குறைந்ததால் முன்பு மறைத்தவர்கள் இப்போது வாய் திறக்கலாம், அதனாலும் எண் கூடலாம், அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். எண்ணியவருக்கு இருக்கிற கூச்சம், எடுத்து எழுதுகிறவருக்கு இல்லை.

இன்னொன்று. மதுவைப் போல வாயால் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கிற சமாச்சாரமும் இல்லை இது. தினம் புகைப்பவன் ரத்தத்தில் டி.எச்.சி., அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், நாள்கணக்கில் தங்கும். ரத்தத்தில் இருந்தது என்றால் அந்த நேரத்தில் போதையில் இருந்தான் என்று ஆகிவிடாது. ஆகவே கட்டம் மட்டும் போதாது. எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், ஆள் எந்த நிலையில் இருந்தான் என்பதும் வேண்டும்.

கனடாக்காரர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். 2018 அக்டோபர் 17இல் அனுமதி. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவர்களுடைய புள்ளியியல் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களிடம் கேட்கத் தொடங்கிவிட்டது. அது மட்டுமா, ஐந்து நகரங்களின் கழிவுநீரையும் எடுத்துச் சோதித்தார்கள். ஆள் பொய் சொல்வான், சாக்கடை சொல்லாது. எங்கள் தெருச் சாக்கடை பற்றி நான் எழுதிய கடிதம் இரண்டு வருடமாகத் தங்கள் இதழில் வரவில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்பவில்லை.

2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது தாங்கள் அறிந்ததே. (அறிந்ததே என்றுதான் நினைத்திருந்தேன். 2011இல் வந்த என் கடிதத்தில் காவேரிப்பட்டணத்தைத் தர்மபுரி மாவட்டம் என்று அச்சிட்டீர்கள்.) மறு வருட ஆய்வுக் கூட்டத்தில் ஒரு மேலதிகாரி தர்மபுரியின் விபத்து எண்ணைப் பழைய எண்ணோடு வைத்துப் பார்த்துவிட்டு, பாதியாகக் குறைத்துவிட்டீர்களே என்று பாராட்டினார். ஓசூர் ரோடு முழுக்க அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது சார் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

கட்டம் என்பதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். 1990களில் இதே தர்மபுரியில் பெண் சிசுக்கள் பிறந்த சில நாளில் இறந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதினார்கள். கொலை என்று எழுதப் பயம், பேதி என்று எழுத மனசு வரவில்லை. அந்த இரண்டு வார்த்தையாவது இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் எத்தனை என்று எண்ண முடிந்தது.

அதே சமயம் கட்டத்தை நிரப்புகிறவன் யார் என்றும் பார்க்க வேண்டும். 1893இல் வெள்ளைக்காரன் கஞ்சா, பாங்கு (அதே செடியின் இலை), சரஸ் (அதன் பிசின்) பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டான். அப்போது மனநல விடுதிகளில் சேர்க்கும்போது பைத்தியத்துக்குக் காரணம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. போலீஸ் கொண்டுவந்து விடும் ஆளுக்குக் காரணம் யாருக்குத் தெரியும்? கஞ்சா என்று எழுதிவிடுவார்கள். அப்படி 1892இல் இந்த வகையறாவின் பேரில் ஏறியவர்கள் 222 பேர். கமிஷன் ஒவ்வொரு கேஸாகத் தோண்டியபோது அது 98 ஆனது. நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே, பதிவேட்டை நம்பாமல் பதிவேடு எழுதியவனை விசாரித்தார்கள்! என் காலத்தில் ஒருவர் வந்து என்னை விசாரித்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். மாசக் கடைசியில், காரணம் தெரியாததை எல்லாம் ‘இதர’ என்ற கட்டத்தில் போட்டு அனுப்பியவன் நான். சில மாதம் ‘இதர’தான் முதலிடம்.

இன்றைக்கு நம் கையில் என்ன இருக்கிறது? 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு இருக்கிறது. 186 மாவட்டங்களில் சுமார் ஐந்து லட்சம் பேரிடம் கேட்டு, ஓராண்டில் 3.1 கோடி இந்தியர்கள் இந்தச் செடியின் ஏதோ ஒரு வடிவத்தைத் தொட்டிருக்கிறார்கள் என்றது. அதில் 2.2 கோடிப் பேர் பாங்குக்காரர்கள். 1985 போதைப்பொருள் சட்டப்படி பூவும் காயும் விட்ட நுனிதான் கஞ்சா. நுனி சேராத இலை அந்தச் சட்டத்தின் கஞ்சாவில் சேராது. ஆக ‘3.1 கோடி’ என்று மொட்டையாகப் போட்டால் குற்றவாளியும் ஹோலிப் பண்டிகைக்காரரும் ஒரே மூட்டையில். அதுவும் மாநில வாரியாகத்தான் மதிப்பீடு. அஞ்செட்டிக்கு என்ன, அரூருக்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

மற்றபடி பிடிபட்ட கிலோக் கணக்கு ஒன்று இருக்கிறது. தாங்களும் வாரம் தவறாமல் மூட்டையோடு போட்டோ போடுகிறீர்கள். அது ஊரில் புழங்கும் கஞ்சாவை அளப்பதில்லை, போலீஸ்காரர் ஓட்டத்தை அளக்கிறது. ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்த மாதம் கஞ்சா கூடும். அவர் மாற்றலாகிப் போனால் ஊரே திருந்திவிடும்.

சரி, என் வேண்டுகோளுக்கு வருகிறேன். இனி எண் எதை அச்சிட்டாலும் அதன் அடியில், பொடி எழுத்திலாவது, யார் எண்ணியது, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் என்று ஒரு வரி போடுங்கள். இடம் இல்லை என்பீர்கள். கும்ப ராசிக்கு ஆறு வரி போடுகிறீர்கள்.

முடிந்தால் தங்கள் நிருபர் ஒருவரை ஏதாவது ஒரு அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, ஏ.ஆர். புத்தகத்தில் அந்தக் கட்டம் இப்போதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லவும். வந்திருந்தால் இக்கடிதத்தில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கடிதத்தை வெட்டாமல் போடவும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் சாக்கடை வரியை வெட்டிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தர்,
காவேரிப்பட்டணம் (கிருஷ்ணகிரி மாவட்டம்)