குளக்கட்டுத் திருத்தப் பணி நிறைவு: அங்கத்தவர்களுக்குக் குழுவின் அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கு,

குளக்கட்டு வேலை மாரிக்கு முன்னமே முடிந்துவிட்டது. வரவு செலவு விபரம் பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறது, சந்தேகம் இருந்தால் பொருளாளரைக் கேளுங்கள்.

கூடுதலாகச் சண்டை வந்தது கட்டில் நின்ற மரங்களை வெட்டியதற்காகத்தான். நிழல் போச்சே என்று பலருக்குக் கோபம். சரி, ஆனால் மரம் பட்டுப்போனால் வேர் உக்கி மண்ணுக்குள் குழாய்போலத் துளை விழும், அதற்குள் தண்ணீர் புகுந்தால் கட்டின் மண்ணையே அரித்துக்கொண்டு போகும். அதனால் வேரோடு கிளப்பி, கறையான் புற்று, உடும்பு வளை எல்லாவற்றையும் தோண்டியெடுத்து, ஈரமண்ணை 6 அங்குலப் படைகளாகப் போட்டு ரோலரால் இறுக்கினோம். மொத்தமாகக் கொட்டி மேலால் மட்டும் உருட்டிவிட்டுப் போகத்தான் கொந்தராத்துக்காரர் பார்த்தார், நாங்கள் விடவில்லை.

கட்டடியில், அதாவது கட்டின் வெளிப்பக்க அடிவாரத்தில், கசிந்த இடத்தைக் களிமண்ணால் அடைக்கச் சொன்னவர்களும் உண்டு. வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளே அமுங்கி வேறு இடத்தால் வெடிக்கும். அங்கே மணல், அதன்மேல் சல்லி, அதற்கும் மேல் கல் போட்டிருக்கிறோம்: தண்ணீர் வரும், மண் வராது. கொஞ்சமாய்த் தெளிந்து கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தாலோ, நேற்றைவிடக் கூடினாலோ, நடுச்சாமம் என்றாலும் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானைக்குச் சொல்லுங்கள். துருசை (தண்ணீர் திறந்துவிடும் மதகை) திறந்து நீர்மட்டத்தை இறக்க வேண்டும், கீழே இருக்கிற சனத்தை எழுப்ப வேண்டும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்த மாவட்டம் இது. நமது குளம் அதன் ஒரு மூலைக்கும் காணாதுதான், ஆனால் நமது கட்டுக்குக் கீழேயும் வீடுகள் இருக்கின்றன.

அப்புறம் வான், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் மறிக்கிறோம் என்று வானில் மண்மூட்டை அடுக்குகிற வேலை இனி வேண்டாம். வான் பாய வழியில்லாவிட்டால் வெள்ளம் கட்டுக்கு மேலால் ஏறும், மண்கட்டு அதைத் தாங்காது. மூட்டையைக் கண்டால் குழு அகற்றும், வைத்தவர் யாராக இருந்தாலும்.

200 ஏக்கர் வரை பாய்கிற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு என்பதால், மாரிக்கு முன்னும் பின்னும் வந்து பார்க்கும்படி கடிதம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வராத நாட்களில் நாம்தான் பார்க்க வேண்டும். நீர்மட்டமும் கசிவும் எழுத ஒரு கொப்பி துருசடிக் கொட்டிலில் இருக்கிறது. மழை நாட்களில் காலை, மாலை இரண்டு முறையும் கட்டடியால் நடந்து பாருங்கள், கட்டுக்கு மேலால் மோட்டார்சைக்கிளில் போய்விட்டு ஒப்பம் வைக்காதீர்கள். துருசு வெளிவாயைச் சுற்றி விசேடமாகக் கவனியுங்கள், குழாயோரம்தான் தண்ணீர் லேசில் வழி தேடும்.

இரவு முறைக்கு இன்னும் ஆட்கள் போதாது. இளந்தாரிகள் ஞாயிறு கூட்டத்தில் பெயர் கொடுங்கள், டோர்ச்சும் மழைக்கோட்டும் குழு தரும்.