கல்யாண ஆல்பத்தில் காணாமல் போன பெரியம்மா

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள ராமு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். கல்யாணத்துக்கு வராததற்கு நீ சொன்ன காரணத்தை இங்கே ஒருவரும் நம்பவில்லை. சிட்டி மட்டும் நம்பியதுபோல் நடித்தான்.

ஆல்பம் வந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சலைக் கொட்டத்தான் எழுதுகிறேன். மேடைப் படத்தில் பெண்ணின் மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணிவிடலாம். அவளுக்கு முக்கால் மீட்டர் பின்னால் நிற்கும் பெரியம்மாவுக்கோ முகமே இல்லை. அரக்குப் புடவை மட்டும் தெரிகிறது. கேட்டால், "அதுதான் சார் இப்போது அழகு" என்கிறார் போட்டோகிராபர்.

படக்கோப்பிலேயே எல்லாம் பதிவாகியிருக்கிறது: 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் சிறுத்தால் துளை பெரிது). மூன்று மீட்டர் தள்ளி நின்று அப்படி எடுத்தால் தெளிவாக விழுவது மொத்தம் 40 செ.மீ. ஆழம்தான். மணமக்களுக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. எஃப் 8 வைத்திருந்தால் 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை துலங்கியிருக்கும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகிவிடும், ஃபிளாஷ் போடவேண்டும். அதற்குத்தான் அந்த மனிதருக்குச் சோம்பல்.

"ஃபோகஸைச் சரியாகத் திருகினால் போதாதா?" என்பாய். போதாது. லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் புள்ளிக்குப் புள்ளியாகக் குவிக்கும். மற்ற தூரங்களிலிருந்து வரும் ஒளிக்கூம்பு, படம் பதியும் சென்சாருக்கு முன்னாலோ பின்னாலோ குவிவதால், சென்சாரில் வட்டமாக விழுகிறது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரில் அந்த வட்டம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் கண் அதையும் புள்ளி என்றே ஏற்றுக்கொள்ளும் என்பது கணக்கு. துளையைச் சுருக்கினால் கூம்பு ஒல்லியாகும், வட்டமும் சிறுக்கும்.

இதில் என்னை மலைக்க வைத்தது வேறொன்று. பத்து மீட்டரிலிருந்து நிலா வரைக்கும் உள்ள அத்தனைக்கும் ஃபோகஸ் செய்ய இந்த 50 மி.மீ. லென்ஸ் நகரவேண்டியது கால் மில்லிமீட்டர். இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வருவதற்கோ 1.35 மி.மீ.! கிட்டே போகப் போகத் தெளிவின் ஆழம் ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று இப்போது புரிகிறதா? போன் லென்ஸின் குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான். அதில் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். பின்னணியை மங்க வைப்பது மென்பொருள். உன் பேரன் எடுத்த படத்தில் உன் இடது காது சுவரோடு கரைந்தது அதனால்தான். காது இருந்து நீ யார் பேச்சைக் கேட்டாய் என்பது வேறு விஷயம்.

பெரியம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் கண்தான் இன்னும் மங்கிவிட்டதோ?" என்று கேட்டார். கண்புரை ஆபரேஷனுக்கு ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பவர். படம்தான் அப்படி என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை.

தையில் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம். படம் எடுப்பது நீதான், வீட்டில் சொல்லிவிட்டேன். பழைய காமிராவோடு ஃபிளாஷையும் கொண்டு வா. துளையை எஃப் 8-ஐவிடப் பெரிதாகத் திறந்தால் உனக்குப் பந்தியில் இடமில்லை. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பொங்கல் நெருங்கினால் கிடைக்காது.

அன்புடன்,
கிட்டு