பின்பனியில் கூவும் குயில்

ஆசிரியருக்கு,

மாசி பிறந்ததும் மதுரையில் விடியற்காலைக் குளிர் இளகிவிட்டது. மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம், இளவேனில் சித்திரையில்தான் என்பது பழங்கணக்கு. எங்கள் தெருவிலோ குயில் இப்போதே கூவுகிறது. மாமரம் பூத்து வாசம் வீடுவரை வருகிறது. வேம்பு இலையுதிர்த்துச் செம்புநிறத் துளிர் விடுகிறது. அந்த நிறம் சில நாள்தான், நின்று பாருங்கள்.

மனம் நோவது ஒன்று. உதிர்ந்த சருகைக் கூட்டி அதே மரத்தடியில் கொளுத்துகிறார்கள். பட்டை கருகுகிறது, துளிர் வாடுகிறது. சருகை மரத்தைச் சுற்றிப் பரப்பினால் கோடையில் வேருக்கு ஈரம் நிற்கும். மாம்பூ விரிந்திருக்கும் நாள்களில் பூச்சிமருந்தும் வேண்டாம். ஈயும் தேனீயும் வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும்.

– வாசகி, மதுரை